மீண்டும் பேரிங் தபால்

அனுப்புகிறவருக்கு ஒரு சொடுக்கு. பெறுகிறவருக்கு ஒரு மணி நேரம். மெதுவான லைனில் கனமான ஈமெயில் படுத்தும் பாட்டுக்குப் பின்னால் இருப்பது பழைய கேள்விதான்: கடிதத்தின் எடைக்கு யார் காசு கொடுப்பது?

2020 மார்ச் மூன்றாவது வாரம். கொரோனா இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டது. என்ன சிகிச்சை தருவது என்று டாக்டர்களுக்கே தெளிவில்லாத நேரம். ஸ்ரீநகரில் அறுவை சிகிச்சைத் துறைப் பேராசிரியர் ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் பற்றி இங்கிலாந்து டாக்டர்கள் தயாரித்திருந்த குறிப்புகளை இன்டர்நெட்டிலிருந்து இறக்க முயன்றார். ஃபைலின் அளவு 24 எம்.பி. ஒரு மணி நேரம் போராடியும் அது முழுசாக வந்து சேரவில்லை. எரிச்சலை அவர் ட்விட்டரில் கொட்டினார். நாடு முழுக்க அது செய்தியானது.

காரணம் ரகசியம் அல்ல. 2019 ஆகஸ்ட் 5-ம் தேதி ஜம்மு காஷ்மீரில் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. 2020 ஜனவரியில் செல்போன்களில் அது திரும்பியபோது 2ஜி வேகத்துக்கு மட்டுமே அனுமதி. ஜம்மு காஷ்மீர் முழுக்க 4ஜி வந்தது 2021 பிப்ரவரியில்தான். கணக்கும் எளிது. 2ஜி லைனில் விநாடிக்கு 50 கிலோபிட் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, விநாடிக்கு 6 கே.பி.யும் கொஞ்சமும். 24 எம்.பி. இறங்க 64 நிமிடம் ஆகும். அதுவும் நடுவில் லைன் அறுந்துபோகாமல் இருந்தால்.

அந்த ஃபைலைத் தயாரித்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர்கள் லைனில் அது சில விநாடி சமாசாரம். யாருடைய லைனில் போய் இறங்கும் என்று யோசிக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஃபைல் இருந்தது ஓர் இணையதளத்தில். அதுவே ஈமெயிலோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஏன் என்பது ஈமெயில் பிறந்த கதையில் இருக்கிறது.

தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பது ஒரு வேடிக்கை. வீட்டுக்கு வரும் இன்டர்நெட் தொடர்பும் 'இணைப்பு'. கடிதத்தோடு ஒட்டிவரும் ஃபைலும் 'இணைப்பு'. ஒன்று மெலிந்தால் மற்றொன்று கனக்கிறது. குழப்பத்தைத் தவிர்க்க, ஒட்டிவரும் ஃபைலை ஊரெல்லாம் சொல்வதுபோல அட்டாச்மென்ட் என்றே சொல்லிவிடலாம்.

எடையால் வரும் தகராறு தபாலுக்குப் புதிதல்ல. 1840-க்கு முன் இங்கிலாந்தில் கடிதத்துக்குக் காசு கொடுத்தவர் பெரும்பாலும் அதைப் பெற்றவர்தான். எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு வீட்டு வாசலில் வசூலித்தார்கள். ரோலண்ட் ஹில் என்ற சீர்திருத்தக்காரர் இதைத் தலைகீழாக மாற்றவைத்தார். அனுப்புகிறவர் முன்கூட்டியே ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். எடை கூடினால் கட்டணம் கூடும். இந்தியாவில் 1854 அக்டோபரில் இதே ஏற்பாடு வந்தது. கால் தோலா எடைக்குள் இருக்கும் கடிதம் அரை அணாவில் நாட்டின் எந்த மூலைக்கும் போகும். ஸ்டாம்ப் ஒட்டாமல் பெட்டியில் போட்டால் அது பேரிங் தபால். பெறுகிறவர் இரட்டிப்புக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். ஆனால் அவருக்கும் ஓர் உரிமை இருந்தது. உறையைப் புரட்டிப் பார்த்து, யார் எழுதியது என்று யூகித்து, வேண்டாம் என்றால் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஈமெயில் வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. எடைக்கேற்ற ஸ்டாம்ப் போயிற்று. நேரம், டெலிபோன் கட்டணம், டேட்டா என்று எடைக்கான செலவு பெறுகிறவர் தலையில் விழுந்தது. பேரிங் தபாலுக்கு இருந்த 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமைகூட ஆரம்பத்தில் பலருக்குக் கிடைக்கவில்லை.

கனம் எங்கிருந்து வந்தது?

ஈமெயிலை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோகும் விதிமுறையை ஜோனாதன் போஸ்டல் 1982-ல் எழுதியபோது அதில் போகவேண்டியது ஆங்கில எழுத்துகள் மட்டுமே. படம், பாட்டு, தமிழ் எதற்கும் இடம் இல்லை. பத்து ஆண்டு கழித்து, 1992 மார்ச் 11-ம் தேதி, அமெரிக்காவில் பெல்கோர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த நதானியேல் போரன்ஸ்டீன் ஒரு ஈமெயில் அனுப்பினார். தான் பாடும் நால்வர் குழுவின் புகைப்படத்தையும் அவர்கள் பாடிய பாட்டையும் அதில் சேர்த்திருந்தார். இன்று நாம் அறிந்த அட்டாச்மென்ட்டின் பிறந்தநாள் அதுதான் என்று சொல்கிறார்கள். போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து எழுதிய 'மைம்' என்ற விதிமுறை அதே ஆண்டு ஜூனில் வெளிவந்தது.

எழுத்துகளை மட்டும் ஏற்றும் வண்டியில் படத்தை எப்படி ஏற்றுவது? படத்துக்கு எழுத்து வேஷம் போட்டார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, குறிகள் 2. மொத்தம் 64 உருவங்கள். எந்த ஃபைலாக இருந்தாலும் அதன் ஒவ்வொரு 3 பைட்டையும் இந்த 64 உருவங்களில் நான்காக மாற்றி எழுதினால் போதும், எழுத்து வண்டியில் ஏறிவிடும். போய்ச் சேர்ந்ததும் வேஷத்தைக் கலைத்துக்கொள்ளலாம். 'பேஸ் 64' என்று பெயர்.

சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் இலவசம் அல்ல. மூன்று நான்காகிறது என்றால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வரிகளுக்கு இடையே சேரும் குறிகளையும் சேர்த்தால் சுமார் 37 சதவீதம். 10 எம்.பி. ஃபைல் ஈமெயிலில் ஏறியதும் 13.7 எம்.பி. பல சர்வர்கள் 25 எம்.பி. என்று வரம்பு வைத்து, வேஷம் போட்ட பிறகு உள்ள எடையைத்தான் நிறுக்கின்றன. அதனால்தான் 20 எம்.பி. ஃபைல்கூட 'அளவு மீறியது' என்று திரும்பி வந்து அனுப்பியவரை விழிக்க வைக்கிறது. உண்மையில் 18 எம்.பி. அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேஷமே போடாமல் அனுப்ப 2000-ல் ஒரு விதிமுறை வந்தது, பரவவில்லை. ஸ்ரீநகர் டாக்டரின் 24 எம்.பி. ஃபைல் ஈமெயிலில் வந்திருந்தால் கிட்டத்தட்ட 33 எம்.பி. ஆகியிருக்கும். ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகியிருக்கும்.

தொண்டையில் சிக்கிய கடிதம்

எடை ஒரு பாதி என்றால், லைன் அறுந்தால் என்ன நடக்கிறது என்பது மறுபாதி. 1990-களில் தொடங்கி வெகு காலம் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் ஈமெயிலை இறக்கித் தந்தது 'பாப் 3' என்ற முறை. சர்வரில் காத்திருக்கும் கடிதங்களை வரிசையாக முழுசு முழுசாக இறக்கும். எல்லாம் முடிந்து முறைப்படி விடைபெற்ற பிறகுதான் சர்வர் தன்னிடம் உள்ள பிரதிகளை அழிக்கும். கடிதம் தொலைந்துபோகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதி இது. மெதுவான லைனில் இதுவே வினையானது.

பத்துக் கடிதங்கள் காத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கடிதத்தில் கல்யாண ஆல்பம், 5 எம்.பி. முதல் இரண்டும் வந்துவிடும். மூன்றாவது பாதியில் நிற்கும்போது லைன் அறுந்துவிடும். விடைபெறாததால் சர்வர் எதையும் அழிக்காது. மறுபடி டயல் செய்தால் ஆல்பம் விட்ட இடத்திலிருந்து வராது. முதல் பைட்டிலிருந்து தொடங்கும். சில சாஃப்ட்வேர்களில் முதல் இரண்டு கடிதங்களும் மறுபடி வந்து இறங்கும். நான்காவதாகக் காத்திருக்கும் வேலைக்கான உத்தரவோ ஆஸ்பத்திரி செய்தியோ ஆல்பத்துக்குப் பின்னால் நின்றபடியே இருக்கும். அனுப்பியவருக்கு இதில் எதுவும் தெரியாது. 'படம் பார்த்தீர்களா?' என்று இன்னொரு ஈமெயில் போடுவார். அதுவும் வரிசையில் நிற்கும்.

அனுப்பும் பக்கத்திலும் இதே கதைதான். கடிதத்தின் கடைசி வரிக்குப் பிறகு ஒரு புள்ளி வைத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று சர்வர் சொன்னால்தான் கடிதம் போனதாக அர்த்தம். 95 சதவீதம் போனபின் அறுந்தால் 95 சதவீதமும் வீண். புள்ளி போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால் விசித்திரம்: போகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் மறுபடி அனுப்பும், மறுமுனையில் இருப்பவருக்கு ஒரே கனமான கடிதம் இரண்டு முறை கிடைக்கும். மெதுவான லைன்காரர்கள் அனுப்பும் ஈமெயில்கள் சில நேரம் இரட்டையாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவுக்கு இந்த அவஸ்தை நன்றாகவே பழக்கம். 1986-ல் மத்திய எலக்ட்ரானிக்ஸ் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்நெட்' என்ற வலையமைப்பைத் தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர், பம்பாயில் தேசிய சாஃப்ட்வேர் தொழில்நுட்ப மையத்துக்குத் தலைமை வகித்த எஸ். ராமானி. ஐந்து ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அதில் இருந்தன. ஆரம்ப நாட்களில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு டெலிபோன் செய்து, சேர்ந்திருக்கும் கடிதங்களை மொத்தமாகக் கைமாற்றிவிட்டு லைனைத் துண்டிக்கும். எழுத்து மட்டுமே போன காலம் என்பதால் அது தாங்கியது.

1995 ஆகஸ்ட் 15-ம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. டயல் செய்தால் விநாடிக்கு 9.6 கிலோபிட். அதாவது 1,200 பைட். அந்த லைனில் 1 எம்.பி. அட்டாச்மென்ட், போட்ட வேஷத்தோடு சேர்த்து, இறங்க 19 நிமிடம். 5 எம்.பி. ஆல்பத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். அவ்வளவு நேரமும் வீட்டு டெலிபோன் 'என்கேஜ்டு', மீட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். 1998 வாக்கில் 56 கிலோபிட் மோடம்கள் வந்தன. ஆனால் அது இறக்கும் வேகம் மட்டும்தான். ஏற்றும் வேகம் 33.6-க்கு மேல் போகாது. வாங்குவதைவிடக் கொடுப்பது கஷ்டம் என்ற நிலை பிறகு வந்த பிராட்பேண்டிலும் தொடர்ந்தது.

லைன் மட்டும் சிறிதல்ல, பெட்டியும் சிறிது. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா, ஜாக் ஸ்மித்துடன் சேர்ந்து 1996 ஜூலை 4-ம் தேதி தொடங்கிய ஹாட்மெயில் இந்தியர்களுக்கு இலவச விலாசம் தந்தது. ஆனால் பெட்டியின் கொள்ளளவு வெகு காலம் 2 எம்.பி.தான். யாரோ அனுப்பிய ஒரு வாழ்த்துப் படம் பெட்டியை அடைத்துவிட்டால் அடுத்து வரும் கடிதங்கள் எல்லாம் 'இடமில்லை' என்று திரும்பிப் போகும். 2004 ஏப்ரல் 1-ம் தேதி ஜிமெயில் 1 ஜி.பி. இடத்தோடு வந்தபோது பலர் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே நினைத்தார்கள். பெட்டி திடீரென்று 500 மடங்கு பெரிதாயிற்று. வீட்டுக்கு வரும் குழாய் அப்படியே இருந்தது. பெட்டி பெரிதானதும் அனுப்புகிறவர்களுக்குத் தயக்கம் போயிற்று. கனம் கூடியது.

அதே 2004-ல்தான் மத்திய அரசு பிராட்பேண்டுக்கு இலக்கணம் வகுத்தது: விநாடிக்கு 256 கிலோபிட். 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது பல திட்டங்களில் மாதத்துக்கு இத்தனை எம்.பி. என்று அளவு இருந்தது; தாண்டினால் தனிக் கட்டணம். சில திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கனமான ஃபைல்களை இறக்கவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டவர்கள் பலர். பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகம் 2013-ல் 512 கிலோபிட் ஆனது; 2023-ல் 2 மெகாபிட். 2 மெகாபிட் லைனில் 25 எம்.பி. கடிதம் 100 விநாடியில் இறங்கிவிடும். பிரச்சினை தீர்ந்தது என்று நகரவாசிகள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

தீவுகளும் கப்பல்களும்

தீராத இடங்கள் உண்டு. வரைபடத்தில் அவற்றைக் காட்டிவிடவும் முடியும். லட்சத்தீவுகள் 2024 தொடக்கம்வரை செயற்கைக்கோளை நம்பி இருந்தன. தீவுகள் முழுமைக்கும் சேர்த்துக் கிடைத்தது விநாடிக்கு 1.7 ஜிகாபிட். கேட்கப் பெரிதாகத் தோன்றும். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகை 64,473. சரிசமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 26 கிலோபிட். 1998-ன் மோடம் வேகத்தில் பாதி. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள் என்பதால் வண்டி ஓடியது. 2024 ஜனவரி 3-ம் தேதி கொச்சியிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு 200 ஜிகாபிட் என்றானது.

அந்தமான் தீவுகளுக்கு விடிவு சென்னையிலிருந்து போனது. சென்னையையும் போர்ட் பிளேரையும் மற்ற ஏழு தீவுகளையும் இணைக்கும் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. கணிசமான தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர் அது. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. கேபிளுக்கு முந்தைய ஆண்டுகளில் அங்கேயும் செயற்கைக்கோள் லைன்தான்.

செயற்கைக்கோளுக்கு இன்னொரு குணம் உண்டு. அது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு கேள்வி ஏறி இறங்க கால் விநாடி. பதில் ஏறி இறங்க இன்னொரு கால் விநாடி. ஈமெயில் சாஃப்ட்வேரோ நிறையப் பேசும் பேர்வழி. 'யார் நீ', 'பாஸ்வேர்டு என்ன', 'எத்தனை கடிதம்', 'முதல் கடிதம் கொடு' என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்த பிறகே அடுத்த கேள்வி. வேகம் அதிகமானாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

கப்பல்களில் இன்னும் இறுக்கம். இரிடியம் செயற்கைக்கோள் போனில் ஆரம்பத்தில் கிடைத்த டேட்டா வேகம் விநாடிக்கு 2.4 கிலோபிட். 1 எம்.பி. இறங்க 55 நிமிடம் ஆகும். கட்டணமோ நிமிடக் கணக்கில். இதற்குக் கப்பல்காரர்கள் கண்ட வழி எளிமையானது. கனமான கடிதத்தைக் கரையிலேயே நிறுத்திவிடுவார்கள். அனுப்பியவர் பெயர், தலைப்பு, எடை மூன்று மட்டும் கப்பலுக்கு வரும். வேண்டுமென்றால் வரவழைக்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். பேரிங் தபாலில் உறையைப் பார்த்துத் திருப்பும் உரிமை நடுக்கடலில் மறுபடி உயிர் பெற்றது.

கரையில் இருப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 1986-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய 'ஐமேப்' முறையில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். அதன் பிந்தைய பதிப்புகளில் கடிதத்தை மட்டும் கேட்டு வாங்கி, அட்டாச்மென்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ள முடியும். போனிலோ கம்ப்யூட்டரிலோ உள்ள ஈமெயில் சாஃப்ட்வேரின் செட்டிங்கில் 'அட்டாச்மென்ட்டைத் தானாக இறக்காதே', 'இத்தனை கே.பி.க்கு மேலிருந்தால் தலைப்பை மட்டும் கொண்டுவா' என்று கட்டளையிட்டால் போதும். பழைய பாப் 3 முறையில்கூட எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி இருந்தது. தொண்டையில் சிக்கிய கல்யாண ஆல்பத்தை வெப்மெயிலில் நுழைந்து வேறு ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டால் பின்னால் நிற்கும் கடிதங்கள் தாராளமாக வரும்.

அந்த வெப்மெயிலே கனமாகிவிட்டது என்பது இன்னொரு சங்கடம். மெதுவான லைன்காரர்களுக்காக ஜிமெயில் வைத்திருந்த எளிய பக்கம் பல ஆண்டு கைகொடுத்தது. 2024 தொடக்கத்தில் கூகுள் அதை மூடிவிட்டது. இப்போது கடிதம் படிப்பதற்கு முன் கடிதப் பெட்டியின் கனத்தை முதலில் இறக்க வேண்டும். மெதுவான லைனில் சாஃப்ட்வேர் வழியாக ஐமேப் முறையில் படிப்பதே இன்று உத்தமம்.

பெறுகிறவர் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி எல்லாம் அனுப்புகிறவர் கையில்.

ஒரு ஏ4 தாளைக் கலரில் 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் 87 லட்சம் புள்ளிகள். சுருக்கப்படாத எடை 26 எம்.பி. டைப் அடித்த அரசாணைக்கு அவ்வளவு கலர் எதற்கு? அதே தாளைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் சுருக்குவதற்கு முன்பே 1 எம்.பி.தான். சுருக்கினால் சாதாரணமாக 100 கே.பி.க்குள் அடங்கும். ஸ்கேனே செய்யாமல் டைப் செய்ததை அப்படியே அனுப்பினால்? யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். பக்கத்துக்கு 2,000 குறியீடு என்றால் 6 கே.பி. 9.6 கிலோபிட் லைனில்கூட ஏழே விநாடி.

தமிழ் அட்டாச்மென்ட்டுகள் கனத்ததற்குத் தனிக் கதையே உண்டு. ஒவ்வொரு பத்திரிகையும் அச்சகமும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்த காலத்தில் கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அல்லது பக்கத்தைப் படமாக்கி அனுப்ப வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு கீபோர்டுக்கும் எழுத்துருவுக்கும் பொது ஏற்பாடு கண்டது. பிறகு யூனிகோடு எல்லா போன்களிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. அவசியம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நான்கு வரி அறிவிப்பை டைப் செய்து, பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, அதைக் கலரில் ஸ்கேன் செய்து அனுப்பும் அலுவலகங்கள் ஏராளம்.

இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்றால் வேலை தேடும் இளைஞர்கள்தான். வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கே.பி.க்குள், கையெழுத்து 10 முதல் 20 கே.பி.க்குள் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் ஏற்காது. அதனால் சிற்றூர் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குப் படத்தைச் சுருக்கும் வித்தை அத்துபடி. போன் கேமராவில் எடுத்த 4 எம்.பி. படத்தின் அகலத்தை 1,600 புள்ளியாகக் குறைத்தால் சில நூறு கே.பி.யில் நிற்கும் என்பதும், திரையில் பார்க்க வித்தியாசமே தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும். விண்ணப்பம் போடுகிறவரிடம் எதிர்பார்க்கும் சிக்கனத்தை அவருக்குத் திருப்பி அனுப்பும் அறிவிப்புகளில் காட்டினால் நாட்டின் மெதுவான லைன்கள் பெருமூச்சு விடும்.

'ஜிப்' செய்து அனுப்புவதில் ஒரு தப்பெண்ணம் உண்டு. புகைப்பட ஃபைல்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. 2007-க்குப் பிந்தைய வேர்டு ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான். சுருங்கியதை மறுபடி பிழிந்தால் ஒன்றும் வராது. ஆனால் பெரிய ஃபைலை 2 எம்.பி. துண்டுகளாக வெட்டித் தனித்தனிக் கடிதங்களில் அனுப்புவதில் பலன் இருக்கிறது. லைன் அறுந்தால் ஒரு துண்டுதான் நஷ்டம்.

அதைவிட நல்லது, ஃபைலை ஓரிடத்தில் ஏற்றிவைத்து விலாசத்தை மட்டும் கடிதத்தில் எழுதுவது. இணையதள விதிமுறையில் 'இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு' என்று கேட்க வழி இருக்கிறது. சர்வர் ஒத்துழைத்தால் அறுந்த இடத்திலிருந்து தொடரலாம். பேஸ் 64 வேஷமும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு எடை மிச்சம். எல்லாவற்றையும்விட, எப்போது இறக்குவது, இறக்கவே வேண்டுமா என்ற முடிவு பெறுகிறவர் கைக்கு வந்துவிடுகிறது. ஃபைலின் எடை என்ன, உள்ளே என்ன இருக்கிறது என்று கடிதத்திலேயே இரண்டு வரி எழுதுவது இன்னும் மரியாதை. பல நேரங்களில் அந்த இரண்டு வரியே போதுமானது என்றும் தெரியவரும்.

2020 ஜனவரி 10-ம் தேதி காஷ்மீர் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இன்டர்நெட் வழியே கருத்துச் சொல்வதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்றது. காலவரையின்றி இன்டர்நெட்டை நிறுத்திவைக்கக் கூடாது என்றும் சொன்னது. எவ்வளவு வேகம் என்பது அரசும் கம்பெனிகளும் நீதிமன்றங்களும் முடிவு செய்யும் விஷயம். எவ்வளவு எடை என்பது அப்படி அல்ல. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கடிதத்திலும், அனுப்புகிறவர் தனியாக எடுக்கும் முடிவு அது.

1854-ல் தபால்காரர் தராசு வைத்து நிறுத்துப் பார்த்தார். எடை கூடினால் அனுப்புகிறவர் பையில் கைவைக்க வேண்டியிருந்தது. அதனால் மெல்லிய தாளில் பொடி எழுத்தில் நுணுக்கி எழுதினார்கள். ஈமெயிலில் தராசு இல்லை. அட்டாச்மென்ட்டின் பெயருக்குப் பக்கத்தில் அதன் எடையைச் சின்ன எழுத்தில் காட்டுவதோடு சரி. அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டால் போதும். மறுமுனையில் ஒருவருக்கு அரை அணா மிச்சமாகும்.